கடைசி வண்டிப் பாட்டு

எங்கள் எஸ்டேட் பள்ளிக்கு ஒரே ஒரு வருஷம் பாட்டு டீச்சர் ஒருவர் வந்தார். அவருக்கு ஊர் பாலக்காட்டில் பெருமாட்டிப் பக்கம். பீர்மேட்டுக் குளிருக்கு ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, மூக்கு ஒழுகும் வாண்டுகளைக்கூட "வாங்க கண்ணு, உக்காருங்க" என்பார். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பிள்ளைகளை வாங்க போங்க என்று எவரும் சொன்னதில்லை, "ஏலே", "ஏட்டி"தான். பாவம், நம்மைக் கண்டு பயப்படுகிறார் போல என்று நினைத்தோம். யார் யாருக்குப் பயப்பட வேண்டும் என்பது ஒரே வாரத்தில் தெரிந்துவிட்டது.

அவர் சொல்லித்தந்த பாட்டு ஒரு விநோதம். மலையேறி வரும் பஸ்ஸைப் பற்றி அவரே கட்டிய நாலு வரி. எங்களை மூன்று கூட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் வண்டி என்று பேர் வைத்தார். முதல் கூட்டம் ஒரு வரி பாடி அடுத்த வரிக்குப் போகும்போது இரண்டாம் கூட்டம் அதே பாட்டை முதலிலிருந்து எடுக்க வேண்டும். அதன் பின்னால் மூன்றாம் கூட்டம். கடைசி வரி வந்ததும் நிற்காமல் மறுபடி முதல் வரி. முதல் நாள் நாங்கள் பாடியதைக் கேட்டு, பிள்ளைகள் அடித்துக்கொள்கிறார்கள் என்று ஹெட்மாஸ்டர் ஓடி வந்தார். டீச்சர் அசரவில்லை. "பக்கத்து வண்டியப் பாக்காதீங்க. என்ர கையை மட்டும் பாருங்க" என்றார். கண் கொஞ்சம் அப்படி இப்படிப் போனால் புருவம் மேலே ஏறும். அந்தப் புருவத்துக்கு வகுப்பே நடுங்கும்.

ஒரு நாள் பாட்டு கூடிவிட்டது. ஆளுக்கொரு வரியில் இருந்தோம். ஆனாலும் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தார். அம்மா காலையில் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போனால் இருட்டித்தான் திரும்புவாள். கூடப் பிறந்தது யாரும் கிடையாது. பள்ளி விட்டு வந்து பூட்டைத் திறந்ததும் டி.வி.யைப் போடுவேன், பார்ப்பதற்கல்ல, வீட்டில் ஏதாவது ஒரு சத்தம் வேண்டும் என்பதற்காக. அப்படி இருந்தவளுக்கு மூன்று பக்கமும் குரல் சூழ்ந்து நின்றால் எப்படி இருக்கும்! அன்று சாயங்காலம் வீட்டில் மூன்று வண்டியாகவும் நானே பாடிப் பார்த்தேன். ஒன்றுமே நடக்கவில்லை.

அதனால்தான் அம்மாவை எப்படியாவது கேட்க வைத்துவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். குழந்தைகள் தின விழாவில் பாடப்போகிறோம். "எடை போட்டதும் ஓடியாந்துருதேன்ட்டி, சூப்பர்வைசர்ட்ட சொல்லிட்டேன்" என்றாள் அம்மா. எனக்கு நம்பிக்கை இல்லை. அது கொழுந்து கொட்டிக் குவிகிற சீசன். சூப்பர்வைசர் லேசில் விடுகிற ஆளில்லை. டீச்சரிடம் போய், என்னைக் கடைசி வண்டியில் போடச் சொன்னேன். காரணம் கேட்டார். சொன்னேன்.

"அம்மா வாறதுக்குள்ள பாட்டு முடிஞ்சிருமா டீச்சர்?"

"இது முடியற பாட்டு இல்லீங் கண்ணு. நான் கையை மூடுனாத்தான் முடியும்" என்று கன்னத்தில் தட்டினார்.

விழா அன்று டீச்சர் வாசலுக்கு முதுகைக் காட்டி, எங்களைப் பார்த்து நின்றார். எனக்கு நேர் எதிரே வாசல். பாட்டு ஒரு சுற்றுப் போனது, இன்னொரு சுற்று. ஒத்திகையில் மூடுகிற இடத்தில் கை மூடவில்லை. மறுபடி சுழன்றது. ஹெட்மாஸ்டர் வாட்சைப் பார்த்தார். "பிரேக் பிடிக்காத வண்டி போலருக்கே" என்று கூட்டத்தில் யாரோ சொல்ல, சிரிப்பு எழுந்தது. "எறங்கு எறங்கு, ஊரு வந்தாச்சு" என்று வாசலைப் பார்த்தே பாடினேன். வெளியே பனிமஞ்சு இறங்கியிருந்தது. யாருடைய அப்பாவோ வந்தார். ஒரு நாய் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. அம்மா வரவில்லை.

டீச்சர் என்னையே பார்த்தார். புருவம் மேலே ஏறியது.

வாசலைப் பார்ப்பதற்குத்தான் கோபம் என்று நினைத்தேன். சட்டென்று கண்ணை டீச்சரின் கைக்குத் திருப்பினேன். சரி டீச்சர், இனிக் கையையே பார்க்கிறேன் என்று மேலும் கீழுமாகத் தலையையும் ஆட்டினேன். டீச்சரின் முகம் மலர்ந்தது. கை மூடியது.

பஸ்ஸுக்கு ஓடுகிற அவசரத்திலும் என்னிடம் வந்து, "சந்தோசமுங்களா கண்ணு?" என்றார். கேலி செய்கிறார் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

நாற்காலிகளை அடுக்கும்போது அம்மா வந்தாள். இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் படுதாவில் தண்ணீர் சொட்டியது. "ஏட்டி, முடிஞ்சிட்டா? எடை மெஷின் மக்கர் பண்ணிட்டுட்டி. எங்க, எனக்கு ஒருக்கப் பாடு." காலி ஹாலில் நாலு வரியையும் பாடினேன். "நல்லாத்தான இருக்கு" என்று தலையைத் தடவினாள். இது அதில்லை அம்மா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அழுகைதான் வந்தது. அம்மா தாமதத்துக்கு அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

இப்போது நானும் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித்தருகிறேன். போன விழாவில் ஒரு சின்னப் பெண் என் தோளைத் தாண்டி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதுகுக்குப் பின்னால் நடப்பது எனக்கு எப்படித் தெரியும்? இரண்டு கையும் பாட்டை நடத்திக்கொண்டிருந்தன. வாய் திறந்து கேட்க முடியாது. நீ தேடுற ஆள் வந்தாச்சா என்று புருவத்தைத்தான் தூக்கினேன்.

தூக்கிய பிறகுதான் எனக்கு விளங்கியது. ஒன்பது வயதில் அது கேள்வி என்று தெரிந்திருந்தால், இல்லை என்று தலையசைத்திருப்பேன். டீச்சர் கையை மூடியிருக்க மாட்டார்.