தொரை ஏற்றுக்கொண்ட சுருட்டு

வெயிலில் காய்ந்த கருங்கல்லின் மேல் சுருட்டு எரிந்தால் ஒரு வாசனை கிளம்பும். ஈரச் சாக்கைக் கொளுத்தியது போல, தொண்டையில் வந்து உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுக்கும் வாசனை. என் பிள்ளைப் பிராயம் முழுக்க அந்த வாசனைதான். மண்ணூர்ப் பக்கம், எங்கள் ஊர் ஏரிக்கரைக்குக் கீழே, எங்கள் கழனியை ஒட்டி, ஏதோ ஒரு காலத்தில் வந்து குடியேறிச் செத்துப்போன வெள்ளைக்காரன் ஒருவனின் கல்லறை இருந்தது. "தொரை மேடை" என்போம். வேண்டுதல் உள்ளவர்கள் அமாவாசையன்று அதன்மேல் ஒரு சுருட்டைக் கொளுத்தி வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். கடைசிவரை எரிந்து சாம்பலானால் தொரை "ஏத்துக்கினாரு". பாதியில் அணைந்தால் இல்லை. நெடுநாள் பிள்ளையில்லாதிருந்த என் அம்மா வைத்த சுருட்டு முழுசாக எரிந்ததாம். அப்படி ஒரு சுருட்டின் தயவில் பிறந்ததால்தான் எனக்குத் தொரைக்கண்ணு என்று பெயர்.

கல்லில் ஏதோ எழுத்து இருந்தது. எண்ணெயும் சாம்பலும் தேய்த்துத் தேய்த்து அது எந்த மொழி என்றே தெரியாமல் போய்விட்டதால், தொரையின் வரலாறு மொத்தமும் என் பெரியப்பாவின் வாயில்தான் இருந்தது. சுருட்டைக் கொளுத்தி வைக்கும் உரிமையும் அவருடையதே.

"ஏரி ஒடஞ்சிகினு வருது. ஜனங்கோ அலறுது. குதிரைலேர்ந்து குதிச்சாரு பாரு தொரை, நேரா ஒடப்புல போயி நின்னாரு. தண்ணி நின்னுச்சி. தொரைதான் நிக்கல" என்று அவர் முடிக்கும்போது நான் ஒவ்வொரு முறையும் அழுதிருக்கிறேன். அழுவது எனக்குச் சுலபம். இடி, கணக்குப் பரீட்சை, எதிர்வீட்டு வான்கோழி என்று எதற்கும் பயந்து நடுங்கும் பிள்ளை நான். பயம் வந்தால் மற்ற பிள்ளைகள் அம்மாவிடம் ஓடுவார்கள், நான் தொரை மேடைக்கு ஓடி அந்தக் கல்லைக் கட்டிக்கொள்வேன்.

அந்தச் சமயத்தில்தான் தொழிற்சாலைகளுக்காக எங்கள் கழனிகளை எடுக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. ஆட்சேபணை சொல்லக் கெடு வைத்திருந்தார்கள். ஊரே சேர்ந்து காஞ்சிபுரம் போய் மனுக் கொடுப்பதென்று பேசி முடித்தபோது, பெரியப்பா எழுந்து, "போலாம், யாரு வேணான்னது? தொரைய ஒரு வார்த்த கேக்க வாணாமா?" என்றார். அதற்காக அவர் வாங்கி வந்த சுருட்டைக் கூரைமேல் முறத்தில் வைத்து மொறுமொறுவென்று காயவைத்தார். காக்காய் தூக்கிப் போகாமல் காவலிருந்தது யார் என்கிறீர்கள்? நானேதான். ஊரின் தலையெழுத்தையே காப்பதாக நினைத்துக் கையில் குச்சியோடு அப்படி விறைத்து நின்றேன்.

அந்தச் சுருட்டு முழுசாக எரிந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். கழனி போகாது என்று தொரையே சொன்ன பிறகு மனு எதற்கு? "அவர வுட கலெக்டரு பெரியாளா?" என்று சிரித்துக்கொண்டே அப்பா நாற்று விடப் போனார். ஒருவரும் காஞ்சிபுரம் போகவில்லை, கெடு போயிற்று, மண்வெட்டும் எந்திரம் வந்தது. அதன் பின்னாலேயே, கம்பெனிக்கு ஆள் ஏற்றிப்போகும் ஒப்பந்தத்தோடு பெரியப்பாவின் புது வேனும் வந்தபோதுதான், அவர் முன்கூட்டியே நிலத் தரகரிடம் சொல் கொடுத்திருந்ததும், சுருட்டை அப்படிக் காயவைத்தது அணையாமல் எரியத்தான் என்பதும் எங்களுக்கு உறைத்தன.

அப்பா அவர் வீட்டு வாசலில் போய் நின்றார். அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நானும்.

"இன்னா அண்ணே, தொரை ஏத்துக்கினாருன்னியே?"

பெரியப்பா வேனைத் துடைப்பதை நிறுத்தவில்லை. "தொர யார்றா? வெள்ளக்காரன். வரி கட்டலன்னு மாட்ட ஓட்டிக்கினு பூட்டவன். ஏரிய ஒடச்சதே அவன்தான். அவன் நம்ம பக்கம் நிப்பானா?"

"நான் தொரைய நம்பலண்ணே. உன்ன நம்பனேன்."

அதற்குப் பிறகு சாகும்வரை அப்பா அவரோடு பேசவில்லை. நானோ, ஏரியை உடைத்தவன் பெயரைச் சுமந்துகொண்டு வெளியே எப்படித் தலைகாட்டுவது என்று கதிகலங்கி, என் பெயரை உடனே முருகன் என்று மாற்றச் சொல்லி அம்மாவிடம் அடம்பிடித்து மூன்று வேளை சோற்றைத் தள்ளிவைத்தேன். நாலாவது வேளை கருவாட்டுக் குழம்பு. தொரைக்கண்ணுவாகவே உட்கார்ந்து சாப்பிட்டேன்.

இன்று ஏரியில் பாதியும் கழனி முழுதும் இல்லை. தொரை மேடை மட்டும் தொழிற்சாலைச் சுவருக்கு வெளியே, கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில், புல்தரை நடுவே இருக்கிறது. "இப்பகுதியின் தொழில்வளத்தை முதன்முதலில் கனவு கண்டவர்" என்று பளபளப்பாகப் பலகை வைத்திருக்கிறார்கள். தகவல் தந்து உதவிய ஊர்ப் பெரியவருக்கு நன்றி என்று கீழே ஒரு வரியும் உண்டு. அந்தப் பெரியவர் யாரென்று நான் சொல்ல வேண்டுமா? தெற்கத்திச் சீமையிலிருந்து வந்து அறை எடுத்துத் தங்கியிருக்கும் பையன்கள் அந்தப் பலகையைப் படிப்பதில்லை. அவர்களுக்கு அது சுருட்டுச் சாமி, சுருட்டுப் படையல் வாங்கும் அவர்கள் ஊர்ச் சுடலைமாடனுக்கு உறவுக்காரர். வேலை பெர்மனன்ட் ஆகவேண்டும் என்று வேண்டிக்கொண்டு சிகரெட்டைக் கொளுத்தி வைக்கிறார்கள்.

நானும் அந்தத் தொழிற்சாலையில்தான் சூப்பர்வைசர். எங்கள் லைனை வேறு மாநிலத்துக்கு மாற்றப்போவதாகப் பேச்சு அடிபட்ட அன்று, பெரிய மனிதன் போல "பாத்துக்கலாம்பா" என்று எல்லோருக்கும் தைரியம் சொல்லிவிட்டு, ஷிப்ட் முடிந்ததும் ஸ்ரீபெரும்புதூர் கடைவீதியெல்லாம் அலைந்து ஒரு சுருட்டு வாங்கினேன். வியர்த்த கையோடு அதை மேடைமேல் கொளுத்தி வைத்து, வேலை போகக்கூடாது என்று வேண்டிக்கொண்டு கண்ணை மூடினேன். திறந்தபோது பாதி தாண்டிக் கணகணவென்று எரிந்துகொண்டிருந்தது.

பக்கத்தில் நின்ற தூத்துக்குடிப் பையன் குதித்தான். "அண்ணாச்சி, என்னமா எரியுது பாத்தியளா! சாமி கேட்டுட்டு!"

நான் மேடைக்குப் பாய்ந்தேன். பையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து அப்படியே கவிழ்த்தேன். சுருட்டு சுர்ரென்று அணைந்து, அந்தப் பழைய வாசனை கிளம்பியது.

"ஏன் அண்ணாச்சி அணைச்சிய?"

"போன தபாவும் இப்டிதான் முழுசா எரிஞ்சிதுப்பா" என்றேன். "நீ நிக்கிற எடம் எங்கப்பா கழனி."