எடைமேடை ஃபிராங்க்ளின் ஜெபம் பண்ணின கதை

தூத்துக்குடித் துறைமுகச் சாலையில் உள்ள ஓர் எடைமேடையில் ஃபிராங்க்ளினுக்கு வேலை. லாரி லோடோடு ஏறினால் ஓர் எடை. இறக்கிவிட்டு வெறும் வண்டியாக ஏறினால் இன்னோர் எடை, அதற்கு டேர் என்று பெயர். முன்னதில் பின்னதைக் கழித்தால் சரக்கு. பத்து வருஷமாக அவன் செய்வது இவ்வளவுதான். இதில் பெருமைப்பட என்ன கிடக்கிறது என்று அவனிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள். குத்துச்சண்டை உலகத்தில் தீராத வழக்குகளையெல்லாம் தீர்க்கும் வழியை இந்த மேடையில் உட்கார்ந்துதான் கண்டுபிடித்தானாம்.

வழக்கு வேறொன்றுமில்லை. வேறு வேறு காலத்தில் வாழ்ந்த இரண்டு ஹெவிவெயிட்டுகளை ஒரே மேடையில் ஏற்றினால் யார் ஜெயிப்பார்? கரி லோடு ஓட்டும் நேசக்குமார் ஜன்னல் பக்கம் தலையை நீட்டினால் போதும், ஃபிராங்க்ளின் பிடித்துக்கொள்வான்.

“அண்ணாச்சி, அந்தக் காலத்து ராக்கி மார்சியானோவும் இந்தக் காலத்து டைசன் ஃபியூரியும் மோதுனா?”

“இதெல்லாம் ஒரு கேள்வியாலே? ஃபியூரி ஆறே முக்கால் அடி, நூத்தி இருவது கிலோ. மார்சியானோ எம்பத்தஞ்சு. ஒக்காந்துகிட்டே அடிச்சிருவான்.”

“அது லோடு எடை. டேரக் கழிச்சியளா?”

இந்தக் காலத்து ஆளிடமிருந்து சாப்பாட்டுக்கென்றே தனியாக வைத்திருக்கும் நிபுணரைக் கழிக்க வேண்டும். எதிராளியின் பழைய சண்டைகளை வீடியோவில் நிறுத்தி நிறுத்திப் பார்க்கிற வசதியைக் கழிக்க வேண்டும். பதினைந்து ரவுண்டு பன்னிரண்டாகக் குறைந்த சுகத்தையும் கழிக்க வேண்டும். அந்தக் காலத்து ஆளையும் சும்மா விட முடியாது. எதிரே நின்றவர்களில் முக்கால்வாசிப் பேர் இன்றைய பூதங்கள் இல்லை, அந்தச் சௌகரியம் போகட்டும். மிச்சம் நிற்கிறதே, அதுதான் ஆள். இதை அவன் விளக்கி முடிப்பதற்குள் பின்னால் ஆறு லாரி ஹாரன் அடிக்கும்.

போகட்டும், வயிற்றுப்பாட்டுக்கு நடுவே ஒரு பைத்தியம் இருந்துவிட்டுப் போகிறது. ஆனால் ஜெப்ஸி விஷயத்தில் அது பயமாகிவிட்டது. ஜெப்ஸிக்குச் சொந்த ஊர் பக்கத்து நாசரேத்து, தூத்துக்குடியில் நர்ஸ் வேலை. இரண்டு வருஷமாக இருவரும் கல்யாணத்துக்குக் காத்துக்கிடந்தார்கள். அவளுடைய அப்பா இன்பமணி அங்கே புராட்டஸ்டன்ட் சபைக் கமிட்டியில் பெரிய ஆள். “ஆர்.சி. பையன், மீன்புடி போட்டுக்கார வீடு, நமக்குச் சரிப்படாது” என்று ஒரே பிடியாக நின்றவர், ஒருவழியாக இறங்கிவந்து, “கூட்டிட்டு வா, ஒரு தடவ பாக்கேன்” என்றார். அந்த ஒரு தடவைதான். அதற்கு மேல் கேட்கக் கூடாது என்று மகளிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

“குத்துச்சண்டைன்னு வாயத் தொறந்திய, ஒங்க மூஞ்சிலயே முழிக்க மாட்டேன்” என்று சொல்லித்தான் ஜெப்ஸி அவனோடு நாசரேத்துக்கு பஸ் ஏறினாள்.

ஃபிராங்க்ளின் சமர்த்தாக இருந்தான். அதிரசம் தின்றான், காபி குடித்தான், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னான். ஜெப்ஸியின் அம்மா பிளாரன்ஸுக்கு அவனைப் பிடித்தும்போயிற்று. அப்போதுதான் இன்பமணி, “விஷயத்தப் பேசுமுன்ன ஒரு ஜெபம். தம்பி, நீங்களே பண்ணுங்க” என்று கண்ணை மூடிக்கொண்டார்.

ஐயோ பாவம். அவன் பிறந்த கத்தோலிக்கக் கடற்கரையில் ஜெபம் என்றால் மனப்பாடம். ஜெபமாலையைக் கையில் கொடுங்கள், அரைத் தூக்கத்திலும் ஒரு மணி பிசகாமல் சொல்வான். நாசரேத்து வீட்டில் அது செல்லாது. சொந்த வார்த்தையில், ஆண்டவரோடு நேரே பேசுகிற மாதிரி ஜெபிக்க வேண்டும். பழக்கத்தில் சிலுவை போடக் கை நெற்றிக்குப் போனது. மற்றவர்கள் யாரும் போடவில்லை என்று கண்டதும் பாதியில் நின்றது. சொந்த வார்த்தையில் அவன் பேசிப் பழகியதெல்லாம் ஒரே ஒரு விஷயம்தானே.

“ஆண்டவரே, ரெண்டு பேரு நிக்கோம். அந்தப் பக்கம் ஐயா, இந்தப் பக்கம் நான். ரெண்டு பேரும் வேற வேற காலம்.”

ஜெப்ஸி இருமினாள். வண்டி ஏற்கெனவே மேட்டிலிருந்து இறங்கிவிட்டது.

“லோடோட பாத்தா ஐயாதான் ஃபியூரி. சபை, படிப்பு, வீடு எல்லாம் இருக்கு. நான் மார்சியானோ, எம்பத்தஞ்சு கிலோ. அதனால ஐயாகிட்டருந்து அவுக கோயிலக் கழிச்சிருங்க. எங்கிட்டருந்து எங்க கோயிலக் கழிச்சிருங்க, எங்கப்பா போட்டையும் கழிச்சிருங்க. மிச்சம் நிக்கது இந்தப் பிள்ள மேல எங்க ரெண்டு பேருக்கும் உள்ள பாசம் மட்டுந்தான். அத மட்டும் எடை போட்டுப் பாருங்க. நான் தோக்க மாட்டேன் ஆண்டவரே. ஆனா அவுகளும் தோக்கக் கூடாது.”

அதற்கு மேல் வார்த்தை இல்லை. அந்த வீட்டில் யார் ஜெபித்தாலும் முடிவில் எல்லாரும் சேர்ந்து ஆமென் சொல்வது வழக்கம். ஒருவரும் சொல்லவில்லை. எல்லாம் முடிந்தது, தன் வாயாலேயே கெடுத்துக்கொண்டோம் என்று நினைத்தான். கண்ணைத் திறக்கத் தைரியம் வரவில்லை.

ஜெப்ஸிதான் பேசினாள். அதுவும் கோபத்தில்.

“எதுக்குக் கழிக்கிய? போட்டக் கழிச்சி, கோயிலக் கழிச்சிட்டா அது நீங்களா? எங்கப்பாகிட்டருந்து சபையக் கழிச்சா அது எங்கப்பாவா? அந்த மார்சியானோவக்கூட அவன் காலத்தோடதான நீங்க கொண்டாடுதிய. எனக்கு ரெண்டு பேரும் முழுசா வேணும். ஒரு கிலோ கொறையக் கூடாது.”

இன்பமணி மூடிய கண்ணைத் திறக்கவே இல்லை. அப்படியே அவரும் ஜெபத்தைத் தொடர்ந்தார்.

“ஆண்டவரே, மாப்பிள்ளைக்கு ஜெபம் பண்ணத் தெரியல. எம்மக சொன்னதையும் அதோட சேத்துக்கிடும். ஆமென்.”

பிளாரன்ஸ் சத்தமாக ஆமென் சொன்னாள், ஜெப்ஸியும் சொன்னாள். ஃபிராங்க்ளினுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்ததால் அவன்தான் கடைசியாகச் சொன்னான்.