களத்தை அருகே இழுத்த லென்ஸ்

ஜப்பானின் தோகுனோஷிமா தீவில் மாட்டுக் கொம்பு பட்டுப் பல்லை இழந்தவர்கள் சிலர் உண்டு. கேமரா பட்டுப் பல்லை இழந்தவள் கியோமி ஒருத்திதான்.

புத்தாண்டு மாட்டுச் சண்டைப் போட்டியில் அது நடந்தது. கேமராவோடு சேர்த்துக் கொடுத்த சின்ன லென்ஸைத் தவிர அவளிடம் வேறில்லை. படிக்கட்டில் உட்கார்ந்து எடுத்தால் மாடு கட்டெறும்பு அளவுக்குத்தான் விழும். அதனால் களத்து வேலியில் நெஞ்சை அழுத்திக்கொண்டு நின்றாள். கொம்போடு கொம்பு பின்னிய இரண்டு மாடுகள் ஒன்றையொன்று நெட்டித் தள்ளிக்கொண்டு வந்து அதே வேலியில் மோதின. இரும்புக் குழாய் அதிர்ந்தது. கேமரா அவள் வாயில் இடித்தது. பல்லைத் துப்பிவிட்டு, லென்ஸ் மேல் தெறித்திருந்த மாட்டு ரத்தத்தைச் சட்டையில் துடைத்தாள்.

களத்துக்குள் மாட்டை ஏவிவிடுகிற ஆட்களில் அவளுடைய தம்பி மொரிஹிரோவும் ஒருவன். ஆட்டம் முடிந்ததும் நேரே அவளிடம் வந்தான்.

"அக்கா, வேலியில ஒட்டிக்கிட்டு நிக்காத. இன்னைக்குப் பல்லு, நாளைக்கு மண்டை."

"தள்ளி நின்னா ஒண்ணும் தெரிய மாட்டேங்குதுடா."

"தூரத்துல இருந்தே பாக்குற லென்ஸ் இருக்குமில்ல, அத வாங்கு. அடிபடுறதுக்கு நம்ம வீட்டுல நான் ஒருத்தன் போதும்."

கியோமிக்கு அப்போது நாற்பத்தாறு வயது. ஒசாகாவில் பதினோரு வருடம் குடித்தனம் நடத்தியவள். கணவன் குடித்தால் அடிப்பான், குடிக்காத நாளில் அதைவிட அதிகமாக அடிப்பான். ஒருநாள் இடது காதில் கேட்பது நின்றுபோனது. அன்றே கிளம்பிக் கப்பலேறித் தீவுக்கு வந்துவிட்டாள். உருளைக்கிழங்கு தரம் பிரிக்கும் கொட்டகையில் வேலை கிடைத்தது. கேமரா வாங்கியது அதற்கு வெகுநாள் கழித்து. இவ்வளவு அடி வாங்கியவள் ஏன் மாட்டுச் சண்டையைத் தேடிப் போகிறாள் என்று ஊரில் சிலருக்கு ஆச்சரியம். மாடு காரணத்தோடு முட்டுகிறது, எதிராளி திரும்பிக்கொண்டால் விட்டுவிடுகிறது என்று ஒருமுறை தம்பி மனைவி சினாமியிடம் சொல்லியிருக்கிறாள். வேறு யாரிடமும் சொன்னதில்லை.

மார்ச்சில் சித்தி மகளுக்குக் ககோஷிமா நகரத்தில் கல்யாணம். அது முடிந்த மறுநாள், கடைவீதிக்குள் இருந்த ஒரு பழைய கேமராக் கடைக்குப் போனாள். கடைக்காரர் ஹிகோ, பருத்த உடம்பும் மெல்லிய குரலுமாக இருந்தார். எதைப் படம் எடுக்கிறீர்கள் என்று அவர் கேட்டதற்குக் கேமராவில் இருந்த ஒரு படத்தைக் காட்டினாள். நெற்றித் தோல் உரிந்து தொங்கிய மாட்டின் முகத்தைப் பார்த்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

முதலில் உள்ளங்கையில் அடங்குகிற ஒரு லென்ஸை எடுத்து வைத்தார். விலை குறைவு, இருட்டிலும் நன்றாக எடுக்கும், புதிதாகக் கற்பவர்கள் எல்லோரும் அடுத்து வாங்குவது இதைத்தான் என்றார். பிறகு அவரே தலையை ஆட்டிக்கொண்டார். இது தூரத்தை இழுக்காது. இதை வாங்கினால் மறுபடியும் அந்த வேலிக்கே போய் நிற்க வேண்டியிருக்கும். அதைத் தள்ளி வைத்துவிட்டு, கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து வெள்ளை நிறத்தில் பெரிய லென்ஸ் ஒன்றைக் கொண்டுவந்தார். கியோமி இரண்டு கையாலும் அதைத் தூக்கினாள், விலைச்சீட்டைப் பார்த்தாள், இறக்கி வைத்தாள்.

"இந்தக் காசுக்கு ஒரு நல்ல கன்னுக்குட்டி வாங்கிடலாங்க."

"வாங்கலாம்மா. ஆனா கன்னுக்குட்டிய யாரு படம் எடுக்குறது?"

மூன்றாவதாக வந்ததுதான் அமைந்தது. ஐம்பத்தைந்து மில்லிமீட்டரிலிருந்து இருநூற்றைம்பது வரை நீளும் லென்ஸ். யாரோ வைத்திருந்து விற்றது. உடம்பெல்லாம் பிளாஸ்டிக், அதனால் எடை குறைவு. வெளிச்சம் கொஞ்சமாகத்தான் உள்ளே விடும். ஆனால் பகல் வெயிலில் நடக்கிற ஆட்டத்துக்கு அது தாராளம் என்றார். கை நடுக்கத்தை லென்ஸ் தாங்கிக்கொள்ளும், மாட்டின் ஆட்டத்தைத் தாங்காது. அதனால் ஷட்டரை ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு வைக்கச் சொன்னார். டார்ச்சை உள்ளே அடித்து, தூசிப் பொட்டு இருந்தால் பரவாயில்லை, சிலந்தி வலை மாதிரி பூஞ்சை இருந்தால்தான் வாங்கக்கூடாது என்று காட்டிக் கொடுத்தார். அவள் வாசலுக்கு வந்து, தெருக்கோடியில் வந்துகொண்டிருந்த டிராம் வண்டியைப் பார்த்தாள். ஓட்டுநரின் தாடையில் சவரம் செய்யாமல் விட்ட மயிர் தெரிந்தது. அதையே வாங்கிக்கொண்டாள். ஈரக்காற்றுள்ள தீவாயிற்றே என்று ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒரு கட்டு சும்மாவே போட்டுக் கொடுத்தார்.

ஏப்ரல் முழுக்க, மொரிஹிரோ தன் மாட்டைக் கடற்கரை மணலில் நடத்திப் பழக்குகிற நேரத்தில் அவள் தூரத்துப் பாறையில் உட்கார்ந்து எடுத்துப் பழகினாள். மாட்டுக்குக் கருவாள் என்று பெயர். எடை ஒரு டன்னுக்குக் கொஞ்சம் குறைவு.

மே மாதப் போட்டியில் கருவாளுக்கு எதிரே இறங்கியது பேரலை என்கிற சிவப்பு மாடு. கியோமி மேல்படியில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு நெற்றியும் மோதிய சத்தம் பாறை உடைந்த மாதிரி கேட்டது. மொரிஹிரோ மாட்டின் விலாவோரம் நின்று காலால் தரையை உதைத்து, தொண்டை கிழியக் கத்தி ஏவினான். பேரலை கொம்பைத் திருகிக் கருவாளின் காதடியில் செருகியது. ரத்தம் கண்ணில் இறங்கியது. கருவாள் கண்ணை மூடிக்கொண்டே முட்டியது. மறுபடி திருகல், மறுபடி குத்து, கழுத்துத் தசை பிளந்து உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. லென்ஸை முழுக்க நீட்டி வைத்திருந்த கியோமிக்கு எல்லாம் எட்டித் தொடுகிற தூரத்தில் நடந்தது. கருவாளின் நாக்கு வெளியே தொங்கியது.

நாக்கு தொங்கிவிட்டால் மாடு திரும்பப்போகிறது என்று அர்த்தம். மொரிஹிரோ கயிற்றைப் பிடிக்கப் பாய்ந்த அதே நொடியில் கருவாள் திரும்பி ஓடியது. ஓடிய வழியில் அவன் நின்றான். கொம்பு தொடையில் ஏறி அவனைத் தலைக்கு மேலே தூக்கி எறிந்தது. விழுந்தவனைக் கருவாள் மிதித்துக்கொண்டு போனது. பின்னால் துரத்தி வந்த பேரலையும் மிதித்தது. அவன் முகம் கியோமியின் கண்ணுக்குள் முழுசாக நிறைந்து நின்றது. ஷட்டர் அடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஆட்கள் அவனைப் பலகையில் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டின பிறகுதான் அவள் கேமராவை இறக்கினாள்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் சினாமி அவளுக்காகவே காத்திருந்தாள். சமையல் ஏப்ரன் முழுக்கக் கணவனின் ரத்தம். சமையல் வேலையில் இருந்தவள் அப்படியே ஓடி வந்திருந்தாள்.

"அண்ணி. அவரு கீழ கெடந்தப்போ நீங்க அமுக்கிக்கிட்டே இருந்தீங்களாமே. பக்கத்துல உக்காந்திருந்தவங்க சொல்றாங்க."

"தெரியல சினாமி."

"தெரியலையா?"

சினாமி ஓங்கி அறைந்தாள். கன்னத்தோடு கேட்காத காதும் சேர்ந்து எரிந்தது. அடுத்த அடி விழுமுன் கியோமி சுவரோடு ஒடுங்கி, இரண்டு முழங்கையையும் தலைக்கு மேலே மடக்கிக்கொண்டு குந்திவிட்டாள். யோசித்துச் செய்யவில்லை, உடம்பு தானாகச் செய்தது. ஓங்கிய கையோடு நின்ற சினாமி அதைப் பார்த்தாள். கையை இறக்கி ஏப்ரனில் துடைத்தாள். பிறகு பெஞ்சில் போய் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அறுவை முடியும்வரை இருவரும் அந்த பெஞ்சின் இரண்டு முனையில் இருந்தார்கள்.

மொரிஹிரோவின் காலை வெட்டி எடுக்க வேண்டி வரவில்லை. ஆனால் நடை சாய்ந்துவிட்டது. தோற்ற மாட்டைக் கறிக்கு அனுப்புவது வழக்கம். அவன் கண்விழிக்கும் முன்பே கருவாளை வண்டியில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். அந்தச் செய்தி கேட்டபோதுதான் அவன் முதல்முதலாக வலிக்கிறது என்று சொன்னான்.

போட்டிச் செய்தி போடுகிற ஒருவர் அந்தப் படங்களைக் கேட்டு இரண்டு முறை வீட்டுக்கு வந்தார். இரண்டு முறையும் கியோமி கதவைத் திறக்கவில்லை. அவளே அவற்றைப் பார்க்கவில்லை. கேமரா பெட்டிக்குள் கிடந்தது. ஜூலையில் மொரிஹிரோ தடியூன்றி வந்து, அதைத் தன் வீட்டுக்கு எடுத்துவரச் சொன்னான். அடுத்த அறையில் சினாமி கிழங்கு உரித்துக்கொண்டிருக்க, அக்காவும் தம்பியும் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார்கள். கொம்பு ஏறின படம் ஊசிமுனை போலத் தெளிவாக இருந்தது. அவன் வாய் திறந்திருந்தது.

"என்னடா கத்துன?"

"மாட்ட வெளிய வுடாதீங்கன்னு."

சிரித்தான். சிரித்துக்கொண்டே அடுத்த படத்தைத் தள்ளினான். அதற்குப் பின்னால் இருந்த படங்களில் எதிலும் அவன் இல்லை. வானம், முன்வரிசைக்காரர் தொப்பி, படிக்கட்டுச் சிமெண்டு, கியோமியின் முழங்கால், மறுபடி வானம் என்று கோணலும் கலங்கலுமாக ஓடின. மொரிஹிரோ அக்காவை ஏறிட்டுப் பார்த்தான். அடுத்த அறையில் கிழங்கு உரிக்கிற சத்தம் எப்போதோ நின்றிருந்தது. சினாமி கதவோரம் வந்து நின்று, கடைசிப் படம் வரை பார்த்தாள். உள்ளே போய் மூன்று கிண்ணத்தில் எண்ணெயில் வதக்கிய சோமென் நூடுல்ஸ் கொண்டுவந்து வைத்தாள். ஏப்ரலுக்குப் பிறகு அந்த வீட்டில் கியோமி சாப்பிட்டது அன்றுதான்.

அக்டோபரில், யார் சொல்லியும் கேட்காமல், அண்டை வீட்டுக்காரனோடு கூட்டுச் சேர்ந்து வாங்கிய புது மாட்டோடு மொரிஹிரோ களத்துக்குள் இறங்கினான். அதுவரை போட்டிப் பக்கமே வராத சினாமி அன்று மேல்படிக்கு வந்து கியோமியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அண்ணி, அதக் குடுங்க. அவரு மொகம் எனக்குத் தெரியணும்."

எப்படி நீட்டுவது, எந்த வளையத்தைத் திருகுவது என்று கியோமி காட்டிக் கொடுத்து, வாரை அவள் கழுத்தில் மாட்டிவிட்டாள். கீழே நெற்றிகள் மோதின. சினாமியின் விரல்கள் லென்ஸைப் பிடித்த பிடியில் வெளுத்துப் போயின. மாடுகளை அவள் பார்க்கவே இல்லை; நொண்டிக்கொண்டு சுற்றிவருகிற ஒருவனை மட்டும் லென்ஸ் தொடர்ந்தது. கொம்பு உரசுகிற ஒவ்வொரு தடவையும் அவள் தொண்டையில் ஒரு சத்தம் எழுந்து அடங்கியது.

எதிர்மாடு திரும்பி ஓடியதும் கூட்டம் எழுந்து வய்தோ, வய்தோ என்று வெற்றி முழக்கமிட்டு ஆர்ப்பரித்தது. தாளமும் ஊதலுமாகச் சொந்தக்காரர்கள் களத்துக்குள் பாய்ந்து ஆடினார்கள். ரத்தம் சொட்டுகிற மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு மொரிஹிரோ மேல்படியைத் தேடி நிமிர்ந்து பார்த்தான்.

சினாமி கேமராவைத் திருப்பிக் கொடுக்கும்போது அது வியர்வையில் நனைந்திருந்தது. அன்றைக்கு ஒரு படம்கூட எடுக்கப்படவில்லை.