சிறந்த குடும்பத்தின் கை

ஒரு மளிகைக் கடைக்காரர் தன் கடைப் பருப்புக்குத் தானே பரிசு கொடுத்து, தன் கடை உப்பையும் புளியையும் கூப்பிட்டுக் கைதட்டச் சொன்னால் எப்படி இருக்கும்? தொலைக்காட்சி விருது விழா அப்படித்தான் இருக்கும். சேனல் தன் தொடர்களுக்கே விருது கொடுக்கிறது. சிறந்த மாமியார், சிறந்த மருமகள், சிறந்த அண்ணன். யாரும் வெறுங்கையோடு போய்விடக் கூடாது என்று, நான் பார்த்த வருடம் சிறந்த புன்னகைக்கும் ஒன்று வைத்திருந்தார்கள். அதை வாங்கியவர் விழா முழுக்கச் சிரிக்கவே இல்லை.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். சூரத்தில் சாயப்பட்டறை, பெல்லாரியில் லாரி கிளீனர், கோவாவில் ஓட்டல் பாத்திரம் என்று சுற்றியவன். எங்கும் ஒரு மழைக்காலத்துக்கு மேல் தங்கியதில்லை. புனேயில் இறங்கியதற்குக் காரணம் காய்ச்சல். காய்ச்சல் விட்டபின் அங்கேயே போசரிப் பக்கம் ஒரு இரும்புப் பட்டறையில் பாரம் தூக்கினேன். பட்டறை மூடியது. அந்தக் கொட்டகையை வாடகைக்கு எடுத்து செட் போட வந்தவர்கள், மிச்சமிருந்த இரும்போடு சேர்த்து என்னையும் எடுத்துக்கொண்டார்கள். லைட் தூக்கும் வேலை.

அங்கே எடுத்தது ஒரு மராத்தி நகைச்சுவைத் தொடர். தாத்தாவின் பல்செட் காணாமல் போகும். மகன் பொய் சொல்லி மாட்டிக்கொள்வான். மருமகள் உப்புக்குப் பதில் சர்க்கரை போடுவாள். அடுத்த வாரம் பல்செட் மறுபடி காணாமல் போகும். செட்டில் யாரும் சிரித்து நான் பார்த்ததில்லை. சிரிப்பை மும்பையில் பிறகு சேர்ப்பார்கள் என்று சொன்னார்கள். செட்டில் எல்லாரும் ஒருவருக்கொருவர் பேசாமல் செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். டேக் என்றதும் கட்டிப் பிடித்துக்கொள்வார்கள்.

அந்தத் தொடரில் ஜனங்கள் உண்மையாகவே சிரித்தது ஒரு கையைப் பார்த்துத்தான். யாராவது வீட்டுக்குள் வந்து சோபாவில் உட்கார்ந்து, 'காகு, சாய்' என்று கத்துவார்கள். காகு என்றால் சித்தி, சாய் என்றால் டீ. சமையலறைக் கதவோரத்திலிருந்து ஒரு கை தட்டோடு நீளும். கை மட்டும்தான். வந்தவர் பொய் பேசினால் கோப்பை பாதி வழியில் நின்று திரும்பிப் போகும். கஞ்சனாக இருந்தால் காலிக் கோப்பை வரும். கதைப்படி அவள் அந்த வீட்டின் இளைய மருமகள், புருஷன் துபாயில் இருக்கிறான். முகத்தை ஒருநாளும் காட்டியதில்லை.

அந்தக் கை, பக்கத்தில் ஆகுர்டியில் இருந்த ஒரு தமிழ் அக்காவுடையது. திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். கணவர் வண்டி கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். செட்டுக்கு மதியச் சாப்பாடு கொடுத்துக்கொண்டிருந்தவரை டைரக்டர் ஒருநாள் கை வேண்டும் என்று நிறுத்திக்கொண்டார். முகத்தையும் வைத்து ஒரு தடவை எடுத்துப் பார்த்தார்களாம். முப்பது வருடமாக மராத்தி பேசுகிறவர். ஆனாலும் டைரக்டர் காதுக்கு அதில் மதராசி வாடை அடித்தது. கை பேசாது என்பதால் கையை வைத்துக்கொண்டார். கோப்பை திரும்பிப் போவதும் காலியாக வருவதும் அக்காவின் யோசனைகள். யாரும் கேட்டு அவர் செய்ததில்லை, அவர் யோசனை என்று பிறகு யாரும் சொன்னதும் இல்லை.

நான் மாதப் பணம் கொடுத்து அவர் வீட்டில்தான் சாப்பிட்டேன். ஊரிலிருந்து உறவுக்காரர்கள் வந்தால் அக்கா டிவியைப் போடுவார். சென்னையிலிருந்து ஐடி வேலைக்கு வந்த தம்பி மகன் ஒருநாள் கால் மணி நேரம் பார்த்துவிட்டு, "அத்தை எப்ப வருவீங்க?" என்று கேட்டான். வந்து போய்விட்டதாக அக்கா சொன்னார். கணவர் அதற்காகவே காத்திருந்தவர் போல, "எம் பொண்டாட்டி நடிகைதான் தம்பி. மணிக்கட்டு வரைக்கும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்துக்கொண்டே உள்ளே போனார். இந்த வேடிக்கை ஒவ்வொரு விருந்தாளிக்கும் நடக்கும். ஒரே ஒரு தடவை டிவியில் தன் முகம் வந்தால் போதும், இந்தப் பேச்சு அடங்கிவிடும் என்று அக்கா என்னிடம் சொல்லியிருக்கிறார்.

அந்த வருடம் சிறந்த குடும்பம் விருது நமக்குத்தான் என்று டைரக்டர் செட்டில் அறிவித்தார். விழாவுக்கு இன்னும் பல நாள் இருந்தது. முன்கூட்டியே எப்படித் தெரியும் என்று கேட்கிற மூடன் அங்கே நான் ஒருவன்தான். கேட்டேன். எல்லாரும் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள். டைரக்டர் அக்காவைக் கூப்பிட்டு, குடும்பம் மொத்தமும் மேடை ஏறும், நீங்களும் ஏறுவீர்கள், காகுவின் முகத்தை ஜனங்கள் முதல்முறையாக அங்கேதான் பார்ப்பார்கள் என்றார். அக்கா பெங்களூரில் இருந்த மகளுக்குச் சொன்னார். கட்டிடத்தில் எல்லா மாடிக்கும் சொன்னார். கணவர்கூடக் கேலியை விட்டுவிட்டு, பழைய கம்பெனி ஆட்களுக்குப் போன் செய்து, ஒளிபரப்பாகும் நாளில் வீட்டுக்கு வரச் சொன்னார்.

விழாவுக்கு செட் ஆட்கள் எல்லாரையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மரியாதைக்காக என்று நினைத்தேன். நாற்காலிகளை நிரப்புவதற்காக. மதியமே உட்கார வைத்துவிட்டார்கள். மேடையில் ஒரு ஆளும் இல்லை. கேமரா எங்கள் பக்கம் திரும்பியது. கைதட்டுங்கள் என்றார்கள், தட்டினோம். எழுந்து நின்று தட்டுங்கள் என்றார்கள், நின்றோம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கச் சொன்னார்கள். கடைசியில் அழச் சொன்னார்கள். யாருக்கும் வரவில்லை. கிளிசரின் பாட்டில் வரிசை வரிசையாகக் கைமாறிப் போனது, கோயிலில் தீர்த்தம் கொடுப்பதுபோல. அக்காவும் இரண்டு சொட்டு விட்டுக்கொண்டார். பட்டுப் புடவையில் படாமல் இருக்கத் தலையைக் குனிந்து அழுதார். கேமராக்காரன் நிமிரச் சொன்னான்.

சாயங்காலம் நிஜ விழா ஆரம்பித்தது. சிறந்த குடும்பம் என்று தொடரின் பெயரை அழைத்தபோது அக்கா எழுந்துவிட்டார். நான் பின் வரிசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். காதில் மைக் மாட்டிய ஒரு பெண் ஓடி வந்து அவர் முழங்கையைப் பிடித்தாள். மேடைக்குத்தான் கூட்டிப் போகிறாள் என்று நினைத்தேன். முன் வரிசையில், குடும்பம் எழுந்து போனதால் காலியான நாற்காலியில் அவரை உட்கார வைத்தாள். காலி நாற்காலி கேமராவில் தெரிந்தால் அசிங்கமாம். மேடையிலிருந்து டைரக்டர் இந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு கோட்டின் பொத்தானைச் சரிசெய்துகொண்டார். தாத்தாவாக நடிப்பவர் மைக்கைப் பிடித்து, எங்கள் குடும்பத்தில் பெரியவர் சின்னவர் என்ற பேதமே கிடையாது என்று குரல் நடுங்கப் பேசினார். அந்த நடுக்கத்தை அவர் மாதக்கணக்கில் பல்செட் காட்சியில் பழகியிருந்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்தார். பட்டுப் புடவையின் மடிப்பை நீவிவிட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "தம்பி, கேமரா எம் பக்கம் திரும்புச்சா?" என்றார். திரும்பியது என்றேன். அது பொய்யில்லை.

ஒளிபரப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். வீட்டில் உட்கார இடமில்லை. குடும்பம் மேடை ஏறியது. தாத்தா குரல் நடுங்கப் பேசினார். உடனே திரை முழுக்க அக்காவின் முகம். கன்னத்தில் கிளிசரின் வழிந்தது. தொகுப்பாளினியின் குரல், பாருங்கள், இந்தக் குடும்பத்தைச் சாதாரண ரசிகர்கள் எவ்வளவு நேசிக்கிறார்கள் என்றது.

பக்கத்து வீட்டு மராத்திப் பெண்மணி அக்காவின் தோளைத் தொட்டார். ஒரு கம்பெனி நண்பர், "காகுதானே இவங்க, எதுக்கு ரசிகைன்னு சொல்றான்?" என்று கேட்டார். கணவர் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தார்.

"மூஞ்சி வந்துட்டுல்லா. எல்லாரும் சாப்பிட வாங்க."

மணிக்கட்டுப் பேச்சை அதன்பிறகு அவர் எடுத்ததில்லை.

அடுத்த ஷூட்டிங்கில் விருதைக் கொண்டுவந்து செட்டின் கண்ணாடி அலமாரியில் வைத்தார்கள். ஆணி அடிக்கிற சாக்கில் தூக்கிப் பார்த்தேன். தங்கமுலாம் பூசிய பிளாஸ்டிக். காட்சி வழக்கமானதுதான். தாத்தா வந்து சோபாவில் உட்கார்ந்து 'காகு, சாய்' என்றார். கை வரவில்லை. இரண்டாம் தடவை கத்தினார். தலையைத் திருப்பிக் கதவைப் பார்த்தார். நடிப்பு அல்லாத ஒரு பாவனை அவர் முகத்தில் அப்போதுதான் பார்த்தேன்.

அக்கா தட்டோடு முழு உருவமாக வெளியே வந்தார். மாமியாருக்கும் தாத்தாவுக்கும் நடுவே கொஞ்சம் தள்ளச் சொல்லி உட்கார்ந்தார். தட்டிலிருந்த ஒரே கோப்பையை எடுத்து, ஊதி ஊதிக் குடித்தார். மேலே பலகையில் நின்ற லைட் ஆட்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தக் கொட்டகையில் மும்பையின் உதவி இல்லாமல் வந்த ஒரே சிரிப்பு அது.

டைரக்டர் கட் சொல்லிவிட்டு, இது என்ன கூத்து என்று கேட்டார். அக்கா தனக்குத் தெரிந்த, வாடை அடிக்கிற அதே மராத்தியில் பதில் சொன்னார்.

"நானும் இந்த வீட்டு ஆள்தானே. உக்காந்து ஒரு வாய் சாய் குடிக்கக் கூடாதா?"

அவர் கோப்பையைக் காலி செய்து, கம்பெனி கொடுத்த வளையல்களைக் கழற்றித் தட்டில் வைத்துவிட்டுப் போனார். நான் கூடப் போகவில்லை. சாயங்காலம் வரை லைட் தூக்கினேன். வயிறு இருக்கிறது. ஆனால் அன்று எடுத்த காட்சியைக் குப்பையில் போட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். அந்தத் தொடரில் விருது கொடுக்கும்படியாக இருந்த ஒரே காட்சி அதுதான்.

மறுவாரமே அதே வளையல்கள் வேறு கையில் ஏறின. தொடர் நின்றுவிடும், ஜனங்கள் கேட்பார்கள் என்று நான் நினைத்தது என் படிப்புக்கு ஏற்ற நினைப்பு. ஒருவரும் கேட்கவில்லை. ஆகுர்டியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அக்காவின் கணவர் மட்டும் கரண்டியோடு டிவி அருகில் போய் நின்றார்.

"இது ஒன் கை இல்லையே. தட்டு ஆடுது பாரு. இவளுக்குப் பிடிக்கவே தெரியல."

அக்கா எனக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"ஒண்ணும் சொல்லாதீங்க. அவளும் வீட்டுல சொல்லி வச்சிருப்பா."

கணவர் டிவியை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். மழைக்காலம் முடிந்ததும் நான் சோலாப்பூர் போய்விட்டேன். அடுத்த வருடமும் சிறந்த குடும்பம் அவர்கள்தான் என்று ஒரு டீக்கடை டிவியில் பார்த்தேன். தாத்தாவின் குரல் நடுங்கியது. உடனே முன் வரிசையில் ஒரு பெண் அழுவதைக் காட்டினார்கள். புதுக் காகுவோ என்று, அவள் கை தெரிகிறதா பார்த்தேன். முகத்தை மட்டும்தான் காட்டினார்கள்.