மீதி இரண்டு மணி நேரம்

நர்ஸிங் டிப்ளமோ முடித்த கையோடு அம்பத்தூரில் இருபது படுக்கை கொண்ட ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். எனக்கு இருபத்திரண்டு வயது. டூட்டி பன்னிரண்டு மணி நேரம். இரவு எட்டுக்கு ஏறினால் காலை எட்டுக்கு இறங்க வேண்டும் என்று சுவரில் ஒட்டிய தாள் சொன்னது. மாற்று ஆள் வந்து பொறுப்பேற்காமல் யாரும் வார்டை விட்டுப் போகக் கூடாது என்று அடுத்த வரியிலேயே அதே தாள் சொன்னது.

என் மாற்று ஆள், பட்டாபிராமிலிருந்து ரயிலில் வரும் ஓர் அக்கா. பத்து வருஷ சர்வீஸ். அவர் தெருவில் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணீர் வரும், அதுவும் காலை ஏழு மணிக்கு. குடங்களை நிரப்பிவிட்டு ஓடினாலும் நேரத்துக்கு ரயில் கிடைக்காது. தண்ணீர் வரும் நாளில் அவர் வார்டுக்குள் நுழைய ஒன்பது ஆகிவிடும்.

மூன்று நாள் தாமதமானால் அரை நாள் சம்பளம் வெட்டு. அதனால் ஒரு வழி வைத்திருந்தோம். எட்டு மணிக்கு எல்லோருக்கும் காய்ச்சல் பார்ப்பது அவர் வேலை. அதை நானே முடித்து, சார்ட்டில் அவருடைய இனிஷியலைப் போட்டுவிடுவேன். மேனேஜர் பத்து மணிக்குத்தான் வருவார். அதற்குள் அக்கா வந்து ரிஜிஸ்டரில் எட்டு மணி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

இதில் போனது என் டைப்ரைட்டிங் வகுப்பு. எட்டே முக்காலுக்கு வகுப்பு. மாதக் கட்டணம் முழுசாகக் கட்டி, பாதி நாள்தான் போக முடிந்தது. சும்மா இருக்கும் சுபாவம் எனக்கில்லை. ஒரு மாதம் பூரா, இறங்கும் நேரத்தை ஒரு நோட்டில் குறித்தேன். கூட்டிப் பார்த்தால் பதின்மூன்று மணி நேரம். ஒரு முழு டூட்டிக்கும் மேல்! அந்த ஒரு டூட்டிக்குக் கூடுதல் வேலைக்கான ஓ.டி. வாங்கியே தீருவது என்று, டைப்ரைட்டிங் கற்ற இடத்திலேயே மனு அடித்துக்கொண்டு மேனேஜரிடம் போனேன்.

அவர் மனுவைப் படித்துவிட்டு ரிஜிஸ்டரைப் பிரித்தார்.

"அந்தம்மா தினம் எட்டு மணிக்கு வந்துட்டாங்களே. அப்புறம் நீ எதுக்கும்மா உக்காந்துகினு இருந்த?"

"வேலை இருந்துச்சு சார்."

"எட்டு மணி டெம்பரேச்சர் யாரு பாத்தது?"

சார்ட்டை எடுத்து என் முன்னால் போட்டார். வரிசையாக அக்காவின் இனிஷியல். ஒவ்வொன்றும் என் கைப்பட எழுதியது. உண்மையைச் சொன்னால் அக்காவுக்கு வெட்டு. சொல்லாவிட்டால் நான் அங்கே இருக்கவே இல்லை.

"முழு டூட்டி சேந்தாப்ல பாத்தாதான் ஓ.டி. மத்தது எல்லாம் அட்ஜஸ்ட்மென்ட். போய் வேலையப் பாரும்மா."

வெளியே வந்ததும், எங்கள் வார்டு ஆயா பிடித்துக்கொண்டார். மேனாம்பேட்டுக்காரர், எல்லாம் கேட்டிருக்கிறார்.

"இன்னா சிஸ்டரு, கவர் தருவாருன்னு பாத்தா காத்து தந்து அனுப்பிச்சுட்டாரா? வர்றதுக்கு நோட்டுல கட்டம் கீது. போறதுக்கு கீதா பாரு. நீ எத்தினி மணிக்குப் போனாலும் போகாத மாரிதான்."

அடுத்த நாள் காலை அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். புடவையை இழுத்துச் செருகியபடி நின்று கேட்டார்.

"ஏன்டி, அங்க நின்னுட்டு வாயத் திறக்காம வந்தியா?"

"திறந்தா உங்க சம்பளம் போகும்க்கா."

"போகட்டும். பத்து வருஷமா திருடி மாதிரி உள்ள நுழையறேன். ஒன்பது மணி டூட்டி குடுங்கன்னு கேக்கணும்னா, எட்டு மணிக்கு என்னால வர முடியலைன்னு மொதல்ல நோட்டுல இருக்கணும் இல்ல? ஒண்ணாந்தேதியிலிருந்து உள்ளத எழுதுவோம். நீயும் என் இனிஷியலப் போடற வேலைய விடு. அதுகூட உனக்கு ஒழுங்காப் போட வரல."

ஒண்ணாந்தேதி காலை, ஸ்கேல் வைத்து ரிஜிஸ்டரில் இன்னொரு கோடு போட்டேன். மேலே 'வெளியேறிய நேரம்' என்று எழுதினேன். அக்கா 9.00 என்று வருகை போட்டார். நான் பக்கத்திலேயே 9.05 என்று போட்டேன். பத்து மணிக்கு மேனேஜர் பார்த்திருப்பார். கோட்டை அப்படியே விட்டுவிட்டார். வெட்டுக்கு வசதிதானே என்று நினைத்திருக்கலாம்.

மாதக் கடைசியில் அக்காவுக்குப் பதின்மூன்று தாமதம். இரண்டு நாள் சம்பளம் வெட்டு. எனக்குப் பதினான்கு மணி நேரம் கூடுதல். ஓ.டி. ஒன்றுமில்லை.

இருவரும் சேர்ந்தே போனோம். இந்த முறை மனுவோடு ரிஜிஸ்டரையும் நானே கையில் எடுத்துப் போனேன்.

"சார், அக்கா வராத நேரத்துக்கு சம்பளம் பிடிச்சிருக்கீங்க. சரி. அதே நேரத்துக்கு அதே வார்டுல நான் நின்னேன். பிடிக்கும்போது அஞ்சு நிமிஷமும் லேட்டு. குடுக்கும்போது மட்டும் பன்னிரண்டு மணி நேரம் சேந்தாப்ல இருக்கணுமா?"

"இது ஆஸ்பத்திரிம்மா. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணித்தான் போகணும்."

அக்கா குறுக்கே வந்தார். "நான் ரெண்டு நாள் சம்பளத்துக்கு அட்ஜஸ்ட் பண்ணியாச்சு சார். இப்ப உங்க முறை."

மேனேஜர் முகத்தில் சிரிப்பு வரப் பார்த்து, நின்றுவிட்டது. பேனாவை மூடினார், திறந்தார். பிறகு ஆஸ்பத்திரி முதலாளியான டாக்டரம்மாவின் அறைக்குப் போனார். திரும்பி வர அரை மணி நேரம் ஆனது. நாங்கள் உட்காரவில்லை.

"ரெண்டு பேரும் இனிமே ஒன்பதுக்கு ஒன்பது. உனக்கு இந்த மாசம் ஒரு டூட்டி ஓ.டி. அந்தம்மாவோட வெட்டு வெட்டுதான். மீதி ரெண்டு மணி நேரம் இருக்குது பாரு, அதை மட்டும் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

"மாட்டேன் சார்."

அக்கா என் முழங்கையைக் கிள்ளினார். கிள்ளட்டும். ரிஜிஸ்டரில் புது மாதத்தின் பக்கத்தைத் திருப்பி, என் பெயருக்கு நேராக 'மீதி: இரண்டு மணி நேரம்' என்று எழுதி மேனேஜர் முன்னால் வைத்தேன்.

"இங்க ஒரு இனிஷியல் போடுங்க சார்."

என்னையும் பார்த்தார், பக்கத்தையும் பார்த்தார். போட்டார்.

வெட்டிய சம்பளத்தில் பாதியையாவது என் ஓ.டி. பணத்திலிருந்து வாங்கிக்கொள்ளும்படி அக்காவைக் கெஞ்சினேன். "அது உன் கால் வலிக்கு. ஒழுங்கா டைப்ரைட்டிங் போ" என்று சொல்லிவிட்டார். ஒன்பதரை வகுப்புக்கு மாற்றிக்கொண்டேன்.

அந்த இரண்டு மணி நேரம் ஓ.டி. ஆவதற்கு இன்னும் பத்து மணி நேரம் சேர வேண்டும். அக்கா இப்போது சரியாக ஒன்பதுக்கு வந்துவிடுகிறார், சேர வழியே இல்லை. ஆனாலும் ஒவ்வொரு மாதமும் ஒண்ணாந்தேதி அந்த வரியைப் புதுப் பக்கத்துக்கு எடுத்து எழுதி, வகுப்பு முடிந்து வந்து மேனேஜரிடம் இனிஷியல் வாங்கிக்கொண்டுதான் அன்று இரவு ஊசித் தட்டைத் தொடுவேன்.