ரோல் முடியட்டும் என்றேன்

மைசூரில் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். விடுமுறை விட்டால் கேமராவும் கையுமாக ஊர் சுற்றுவேன். மூன்று வருடங்களுக்கு முன் கோடையில், வேளாங்கண்ணிக் கடலில் என் மனைவி ஸ்டெல்லாவைச் சேலை நனைய நிற்கவைத்து, ஆசை ஆசையாகப் படம் எடுத்தேன்.

ஊர் திரும்பியதிலிருந்து அவளுக்கு ஒரே கேள்விதான். "ஏங்க, தேவராஜ மொஹல்லா பக்கம் போறப்ப ஃபிலிம் ரோலை ஸ்டுடியோல கழுவக் குடுங்களேன். படத்துல நான் எப்படி விழுந்திருக்கேன்னு பாக்கணும்."

"இன்னும் பத்துப் படம் பாக்கி இருக்குடீ. தசராவுக்கு எடுத்து முடிச்சு, மொத்தமா கழுவிக்கலாம்." முடியாத ரோலைக் கழுவக் கொடுப்பது எங்களைப் போன்ற வீடுகளில் ஊதாரித்தனம்.

தசராவுக்கு முன்பே மஞ்சள் காமாலை அவளைக் கொண்டுபோய்விட்டது. சவப்பெட்டியைச் சுற்றி உறவினர்கள் நின்று படம் எடுத்துக்கொள்வது எங்கள் வழக்கம். அவள் தம்பி என் கேமராவை எடுத்தான். ரோல் முடிந்தது.

படங்கள் ஒரே கவரில் வந்தன. அலையில் நின்று சிரிக்கிறாள். அடுத்த படத்தில் பெட்டிக்குள் கண் மூடிக் கிடக்கிறாள்.

இப்போதெல்லாம் எத்தனை படம் மீதி இருந்தாலும், ஊர் திரும்பிய மறுநாளே ரோலைக் கழுவக் கொடுத்துவிடுகிறேன். எப்படி விழுந்திருக்கிறது என்று கேட்கத்தான் வீட்டில் ஆள் இல்லை.