ஜீப்பில் துணைக்கு ஒரு பொம்பளை

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து கோணல்மாணலாக இருக்கும், சிலது மறந்தும் போயிருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன பருத்திப் பருவத்தில் சங்கரன்கோவிலில் நடந்தது. என் மகள் இங்கே ஒரு பருத்தி ஆராய்ச்சி நிலையத்தில் விஞ்ஞானி. புது ரகம் உண்டாக்குவது அவள் வேலை. சாயங்காலமே மொட்டைப் பிரித்து ஆண் பாகத்தை எடுத்துவிட்டு மூடி வைப்பாள். மறுநாள் காலை வேறு செடியின் மகரந்தத்தைக் கொண்டுவந்து அதில் தொட்டு வைக்க வேண்டும். அந்தக் காலையை விட்டால் பூ வீண்.

சோதனை வயல் திருவேங்கடம் பக்கம். ஆபீஸ் ஜீப்பில் பெண் தனியாகப் போகக்கூடாது, கூட இன்னொரு பெண் வரவேண்டும் என்று அங்கே ஒரு வழக்கம். அந்த ஆபீஸிலோ இவளை விட்டால் வேறு பெண்ணே கிடையாது. அதனால் முழங்கால் வலியோடு நான்தான் துணை. வரப்பில் உட்கார்ந்து கொட்டாவி விடுவேன்.

"ஆச்சி, ஒங்களுக்கும் ஒரு சம்பளம் போடச் சொல்லுங்க" என்று டிரைவர் கேலி பண்ணுவார்.

ஒருநாள் காலை எனக்கு நல்ல காய்ச்சல். ஜீப் வாசலில் வந்து நின்றது. மகள் பையோடு ஓடினாள். அவளுடைய மேலதிகாரி கதவைக்கூடத் திறக்கவில்லை.

"ஆச்சி வரலியா? அப்ப நீங்க இருங்கம்மா, நாங்க பாத்துக்கிடுதோம்."

"சார், நேத்து நான் மூடிவச்ச பூவு. எதுல எதத் தொடணும்னு எனக்குத்தான் தெரியும்."

"ஒங்க பாதுகாப்புக்குத்தானம்மா சொல்லுதேன்."

வேற்று ஆண்களிடம் நிமிர்ந்து பேசிப் பழக்கமில்லாதவள் நான். போர்வையோடு வாசலுக்கு வந்துவிட்டேன்.

"ஐயா, ஜீப்புல இருக்கது நீங்களும் டிரைவரும். வயல்ல இருக்கது பருத்தி. எம்மகளுக்கு யாருகிட்டயிருந்து பாதுகாப்பு?"

டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார். அதிகாரி, "நான் வச்ச வழக்கமா ஆச்சி?" என்றார். ஜீப் போய்விட்டது.

மகள் டவுன் பஸ் பிடித்து, இறங்கி நடந்து போய்ச் சேர்வதற்குள் வெயில் ஏறிவிட்டது. எந்தப் பூவில் எதைத் தொட்டார்களோ, எல்லாம் கலந்துவிட்டிருந்தது. அந்தப் பருவத்து உழைப்பே போச்சு. இதில் கொடுமை, வருஷக் கடைசியில் "வயலுக்கு ஒழுங்காக வருவதில்லை" என்று அவள் பேரில் அதே அதிகாரி குறை எழுதினார். மகளிர் தினத்தன்று அவளுக்குப் பொன்னாடை போர்த்தியதும் அவர்தான்!

மகள் விடவில்லை. தலைமை ஆபீஸ் வரைக்கும் போய்ப் புகார் கொடுத்தாள். இப்போது ஆபீஸ் ஜீப்பிலேயே, நான் துணைக்கு இல்லாமல் தனியாகத்தான் வயலுக்குப் போகிறாள். படித்த ஆண்களோடு படித்த பெண் வேலைக்குப் போக, படிக்காத நான் காவல் இருக்க வேண்டுமென்றால், திருந்த வேண்டியது யார் என்று இன்னும் நெஞ்சு கொதிக்கிறது. அந்த வழக்கத்தை எல்லா நிலையங்களிலும் எடுத்துவிட்டதாகச் சொல்கிறார்கள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. விவரம் தெரிந்தவர்கள் யாராவது விசாரித்துச் சொல்லுங்கள்.